ஹில்ஸ்பரோ வீட்டுக் குழாய்ச் சத்தம்

1

இந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டுத் தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும், யாரோ சுத்தியலை எடுத்துத் தரையின் அடிப்புறத்தில் ஓங்கி அடிப்பதுபோல் இருக்கும். முதலில் வயிறு பொருமுவதுபோல் ஒரு களகளப்பு, பிறகு டிக் டிக் என்று சில நிமிடம், அதன்பின் 'டம்' என்று ஓர் அடி. அந்த அடி விழுவது சரியாக என் மகள் மதுமிதாவின் கட்டிலுக்குக் கீழே.

ஜூன் என்றால் உங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். ஆக்லாந்தில் அது குளிர் பிடிக்கிற மாதம். இங்கே பனி கொட்டாது. ஆனால் மரப் பலகையால் கட்டிய வீடுகளுக்குள் ஈரக்குளிர் புகுந்து துணிமணி வரைக்கும் சில்லிட்டுவிடும். பெரும்பாலான வீடுகளில் சுவரில் ஓர் இயந்திரம் மாட்டியிருப்பார்கள். நம்மூர் ஏசி மாதிரி இருக்கும், சூடான காற்றை அடிக்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. வீட்டுக்குப் பின்னால் எரிவாயுவில் ஓடும் ஒரு பாய்லர் அந்த இரண்டு நேரமும் தானாக ஓடத் தொடங்கித் தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் தரைக்கு அடியில் ஓடும் செம்புக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய், சன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்புத் தகடுகளைச் சுட வைக்கும். ரேடியேட்டர் என்பார்கள்.

இரண்டு வருடம் முன்பு ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் இந்த வீட்டை வாங்கியபோது அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். வீட்டைக் கட்டியவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த தம்பதி. அந்த அம்மாளுக்கு இந்த ஊர்க் குளிர் பிடிக்கவில்லையாம். தன் ஊரில் துணி காயப்போடும் ரேடியேட்டர் இல்லாமல் அது ஒரு வீடே இல்லை என்று அழுதாராம். கணவர் கப்பலில் வரவழைத்துப் பொருத்திக் கொடுத்தார். கடல் தாண்டி வந்தவர்களுக்கு எதெது தேவைப்படும் என்று யாரால் சொல்ல முடியும். நாங்கள் அம்மிக்கல்லைக் கொண்டு வந்தோம்.

2

முதல் இரண்டு வாரம் என் வீட்டுக்காரர் வீடியோ பார்த்து எதையெதையோ திருகினார். சத்தம் கூடியதுதான் மிச்சம். பென்ரோஸில் கிடங்கு வேலை முடிந்து வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காதை வைத்துக் கேட்பார். கடைசியில் நானே ஒரு குழாய்ப் பணி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் வேலை. ஆனாலும் அவசரத்தில் வாய் தமிழில் யோசித்துவிடும். குழாய் கத்துகிறது என்று மனதில் ஓடியதை அப்படியே ஆங்கிலமாக்கி, தினமும் ஐந்து மணிக்குக் கத்துகிறது, பிறகு அடிக்கிறது, என் மகளுக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் சட்டென்று குரலைத் தாழ்த்தி, நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, பக்கத்தில் அவர் இருக்கிறாரா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் என்று கேட்டேன். அடிக்கிறவர் என்றாள். குழாய் என்ற ஒரு சொல் அவள் காதில் விழாமல் போயிருக்கிறது. விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மது சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நிறுவனத்திலிருந்து வந்த மனிதர் நல்லவர்தான். ஒரு சின்னச் சாவியால் ரேடியேட்டர் ஒவ்வொன்றின் மூலையையும் திருகி உள்ளே அடைபட்டிருந்த காற்றை வெளியேற்றினார். புஸ்ஸென்று காற்று வந்து, பின் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் வந்ததும் மூடினார். களகளப்பு அன்றோடு நின்றது. அடி மட்டும் நிற்கவில்லை. பழைய வீடு, கொஞ்சம் பேசத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் புஸ்ஸென்ற சத்தம்தான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

3

நாங்கள் வளர்ந்தது திருச்சி பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில். அப்பாவுக்குப் பணிமனையில் வேலை. விடிகாலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். குழாய் இருமிக்கொண்டே கிடக்கும். அந்த இருமலைக் கேட்டே இன்னும் எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும் என்று அம்மா சொல்லிவிடுவாள். குடங்கள் வரிசையாக நிற்கும். பணிமனைச் சங்கு ஊதுவதற்குள் நிரப்பி முடித்தாக வேண்டும். குழாயில் ஏதாவது கோளாறென்றால் அண்ணனைத்தான் எழுப்புவாள். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் அவன். எங்கள் வரிசையில் இருந்த பன்னிரண்டு வீட்டுக் குழாயும் அவன் கைபட்டதுதான். தூக்கக் கலக்கத்தில் ஸ்பேனரோடு குழாயடியில் குந்தியிருப்பான். அம்மா அவன் தலைக்கு மேலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பனி விழக்கூடாதென்று.

அந்த அண்ணனும் ஆக்லாந்தில்தான் இருக்கிறான். நான் வந்து பல வருடம் கழித்து என்னைப் பார்த்து வந்தவன். ரானுயியில் வீடு, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக் கார்ப் பயணம். அவனுடைய ஐடிஐ சான்றிதழ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதில் மறுபடியும் எடுபிடியாகச் சேர்ந்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, குழாய் வேலைக்கான உரிமம் வாங்கினான். வீட்டில் குழாய் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் கூப்பிட்டிருக்க வேண்டியது அவனைத்தான். ஆனால் நாங்கள் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அம்மாவின் நுரையீரல் கெட்டுவிட்டது, நாள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று திருச்சி மருத்துவர் எனக்குச் சொன்னபோது கொரோனாவால் நாட்டு எல்லைகள் மூடிக் கிடந்தன. என்னிடம் நியூசிலாந்து கடவுச்சீட்டு இருந்தது. போய்விட்டு வந்தால் இரண்டு வாரம் ஓட்டல் அறையில் தனித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணனிடம் இருந்தது வேலை விசா. அந்த விசாவில் இருந்தவர்கள் வெளியே காலெடுத்து வைத்தால் திரும்ப வர முடியாது. நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பம் அப்போதுதான் மேசைக்குப் போயிருந்தது. அண்ணியும் இரண்டு வயதுக் குழந்தையும் அவனை நம்பி இங்கே இருந்தார்கள்.

அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள், கூட இருக்க ஆள் வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு நான் விமானம் ஏறினேன். நாற்பது நாள் அம்மாவோடு இருந்தேன். தினமும் அவன் வீடியோவில் கூப்பிடுவான். அம்மாவின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி நான் போனைப் பிடித்திருப்பேன். நாற்பதாம் நாள் மாலை அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன். கொள்ளி வைத்ததும் நான்தான். அவன் அதை உறவுக்காரப் பையனின் போனில் பார்த்தான்.

காரியத்துக்குப் போய்த் திரும்பி வர அனுமதி கேட்டு அவன் எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. தாயாரின் உடல்நிலை பற்றி மருத்துவரின் கடிதம் இணைக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

நான் ஓட்டல் தனிமை முடிந்து வந்த அன்று, அப்போது நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றான். எல்லாம் அவனுக்கு யார் மூலமாகவோ தெரிந்திருந்தது. "அம்மாவ நான் பாக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாரு?" என்று கேட்டான். என் பதிலுக்காகக் காத்திருக்காமல் போய்விட்டான். எனக்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

4

அண்ணனை வரவழைத்தது மதுதான்.

அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. வரும் பிப்ரவரியில் படிப்புக்காக டனீடனுக்குப் போகிறாள். இந்த நாட்டின் மறு கோடி அது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அது பழகிப்போய், எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம் என்பதே இருவருக்கும் உறைப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், நாளைக்கு மாமா வருவான் என்று அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். வருவார் என்று சொல் என்று நான் திருத்தினேன். நீ மட்டும் அவன் இவன் என்கிறாயே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்குப் பிறகுதான் எந்த மாமா என்று எனக்கு உறைத்தது.

மூன்று வருடமாக அவளுக்கும் அவள் மாமாவுக்கும் பேச்சு உண்டாம். பள்ளி விடுமுறையில் ரயிலேறி ரானுயிக்குப் போவாளாம். மாமாவின் குட்டி மகளுக்கு அவள்தான் நீச்சல் கற்றுக் கொடுத்தாளாம். என்னிடம் தோழி வீடு என்று சொல்லிவிட்டுப் போன நாட்களில் பாதி அதுதான். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். முடி கொட்டிவிட்டது, முட்டி வலிக்கிறது என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வண்டி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மது கதவைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றேதான், நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நீல வேலை உடுப்பில் அண்ணன் வாசல் படியில் நின்றான். உள்ளே வரவில்லை. வா அண்ணா என்றேன். தரைக்கு அடியில் போகிற கதவு எங்கே என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

இந்த ஊர் மர வீடுகள் மண்ணில் உட்காருவதில்லை. குட்டையான கட்டைகள் மேல் நிற்கும். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி இருக்கும். பின்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவைக் காட்டினேன். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்து, தோளால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போய் மறைந்தான். கடைசியாகத் தெரிந்தது அவன் பூட்ஸின் அடிப்பாகம்.

5

மதுவின் அறையில் கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவன் ஊர்ந்து வருவது பலகைக்கு அடியில் கேட்டது. எனக்கு நேர் கீழே வந்து நின்றான்.

"பாப்பா, பாய்லரப் போடு."

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டேன். எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். குழாய் சூடேறி அடிக்க எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதுவரை இருவருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவன் கீழே ஈரமண்ணில் படுத்திருந்தான். நான் மேலே உட்கார்ந்திருந்தேன். நடுவே ஒரு பலகைக் கனம்.

"அம்மா என்னைக் கேட்டுச்சா?" என்றான்.

முகத்துக்கு நேரே அதைக் கேட்க அவனால் முடிந்திருக்காது. எனக்கும் பதில் சொல்ல வந்திருக்காது.

"தினமும் கேக்கும். நீ கூப்புடுற நேரத்துக்குக் கால் மணி முன்னாடியே தலைய வாரிவிடச் சொல்லும். மூக்குல இருக்கிற ஆக்சிஜன் டியூப எடுக்கச் சொல்லும். உன்கூடப் பேசி முடிச்சதும் அரை மணி நேரம் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கும்."

கீழே அவன் ஸ்பேனரை மண்ணில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அதுக்குத் தெரியுமா, எனக்குச் சொல்லலைன்னு?"

"அதுதாண்ணா சொல்லக் கூடாதுன்னுச்சு. என் தலையில அடிச்சு சத்தியம் வாங்குச்சு. உனக்குத் தெரிஞ்சா நிக்கமாட்ட, பிளேன் ஏறிடுவ, அண்ணியும் புள்ளையும் அந்த ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னுச்சு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

செத்துப்போனவள் மேல் பழியைத் தூக்கிப் போடுகிற மாதிரி இருந்தது என்றேன். டிக் டிக் என்று குழாய் நெளியத் தொடங்கியது. நான் உள்ளங்கையைப் பலகையில் வைத்திருந்தேன். 'டம்' என்று அடித்தபோது அந்த அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது.

கிடைத்துவிட்டது என்றான். வேலையைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் பழைய குரலாகிவிட்டது. தரையைத் தாங்கும் மரச் சட்டத்தில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகியிருக்கிறார்களாம். இந்த வருட ஈரத்தில் மரம் ஊதி ஓட்டை இறுகிவிட்டதாம். சூடானால் செம்பு நீளும்; நகர இடம் இல்லாததால் முக்கிக்கொண்டு நிற்கும்; தாங்க முடியாதபோது ஒரே நழுவாக நழுவும்; அதுதான் அடி. ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கிக் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டால் போதும் என்றான். பாய்லரை அணைக்கச் சொன்னான். அணைத்துவிட்டு வந்தேன். அரத்தால் மரத்தை ராவும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவன் மனம் இளகிவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

"அண்ணா, இன்னொண்ணு இருக்கு."

அரம் நின்றது.

"கடைசி நாள் அம்மா மனசு மாறிடுச்சு. அவனக் கூப்புடு, மொகத்தப் பாக்கணும்னுச்சு. அது நீ கூப்புடுற நேரமில்ல, ஆனாலும் கூப்புடுன்னுச்சு. போன் என் கையிலதான் இருந்துச்சு. நான் கூப்புடல. நாளைக்கு அவனே நேர்ல வர்றாம்மான்னு சொன்னேன்."

"எப்ப?"

"பகல் பன்னெண்டு இருக்கும். சாயங்காலம் போயிருச்சு."

"இங்க ஆறரை," என்றான். "நான் வீட்லதான் இருந்தேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு."

இப்போது அவன் பாப்பா என்றது அவன் மகளை.

"அந்த மூச்சு இழுக்கிறத நீ பாத்தா தாங்கமாட்டன்னு நெனச்சேன். அம்மா அதச் சொல்லல. அது நானா எடுத்த முடிவு. நீ அன்னைக்குக் கேட்டது சரிதான்."

தெருவில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டி முடித்து அணைத்தார்கள். கீழே அவன் மூச்சு மட்டும் கேட்டது. மூக்கை உறிஞ்சினானோ, புழுதிக்குச் செருமினானோ. பிறகு அரம் மறுபடி ராவ ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. ஒவ்வொரு சட்டமாக நகர்ந்து நகர்ந்து ஒன்பது ஓட்டைகளையும் சரிசெய்தான். ஓர் இடத்தில்தான் கோளாறு. அவன் அத்தனையும் செய்தான்.

மறுபடி பாய்லரைப் போட்டோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். சன்னல் ஓரத்து ரேடியேட்டரைத் தொட்டேன், சுட்டது. தரை வாயே திறக்கவில்லை.

அவன் வெளியே வந்தபோது தலையில் ஒட்டடை, முதுகெல்லாம் மண். கண் சிவந்திருந்தது. துண்டைக் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டான். காபி போடட்டுமா என்றேன். தலையை ஆட்டி மறுத்தான். கருவிகளை வண்டியில் வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"சத்தியத்த நான் ஏத்துக்கிட்டேன் பாப்பா. அந்தப் பன்னெண்டு மணிய மட்டும்... அதப் பத்தி இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

சரி அண்ணா என்றேன். வண்டி திருப்பத்தில் மறையும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

6

மது நூலகத்திலிருந்து வந்து, ஐந்து மணிக்குத் தன் அறையில் நின்று கேட்டுவிட்டு, மேஜிக் என்றாள். மாமா சாப்பிட்டாரா என்று கேட்டாள். இந்தத் தடவை தமிழும் மரியாதையும் சரியாக வந்தன. இல்லை என்றேன். என்னை ஒரு தரம் கட்டிக்கொண்டு விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

சத்தம் போன பிறகு அந்த வீட்டில் மாலை ஐந்து மணி எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சூடு மட்டும் ஓசையில்லாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். பிப்ரவரிக்குப் பிறகு மதுவின் குரலும் இருக்காது. இங்கே வந்த புதிதில் அமைதியான ஊர் என்று அம்மாவுக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேன். பால்காரர் மணி, பக்கத்து வீட்டு மிக்சி, பணிமனைச் சங்கு ஒன்றுமில்லாமல் எப்படி இருக்கிறாய் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை போன் அடித்தது. அண்ணன்.

"சத்தம் வருதா?"

"இல்லண்ணா."

சரி என்றான். வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டான். அதே கேள்வி, அதே பதில். அடுத்த திங்கட்கிழமையும். குழாய் வேலை செய்கிறவர்கள் இத்தனை தரம் கேட்பார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சிரித்தேன். அண்ணன் வேறு எதுவும் பேசுவதில்லை. கேட்டுவிட்டு, என் பதிலுக்குப் பிறகும் ஒரு நிமிடம் போல வைக்காமல் இருப்பான். அந்தப் பக்கம் அண்ணி பாத்திரம் கழுவுவதும் குழந்தை இங்கிலீஷில் பாடுவதும் கேட்கும். இப்படியே மூன்றாவது வாரமும் தாண்டிவிட்டால் இந்தக் கேள்விக்கு அர்த்தமில்லாமல் போய், போனும் நின்றுவிடும் என்று எனக்குப் பயம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு அவன் கூப்பிட்டபோது நான் மதுவின் அறையில் நின்றிருந்தேன். வீடு கதகதவென்று இருந்தது. ஊசி விழுந்தால் கேட்கும்.

"சத்தம் வருதா?"

"லேசா வருதுண்ணா," என்றேன்.

ஒன்பது ஓட்டையையும் கையால் தடவிப் பார்த்து முடித்தவன் அவன். அங்கே சத்தம் வர வழியே இல்லை என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"சனிக்கிழமை வர்றேன்," என்றான்.

சனிக்கிழமை காலையிலேயே வண்டி வந்து நின்றது. பின்கதவு திறந்து முதலில் குழந்தை குதித்தது. மதுவின் பெயரைக் கத்திக்கொண்டே உள்ளே ஓடியது. அண்ணி தூக்குப் பாத்திரத்தோடு இறங்கினாள். கடைசியாக அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி, கூடத்துக்குள் வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையோடு யாரும் வீட்டுக்கு அடியில் புகமாட்டார்கள்.